ஏழாம் புள்ளி

கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு ஒரு முழுப் பெயர் இருந்தது, சம்பளப் பட்டியலில் மட்டும். மற்ற இடங்களில் எல்லாம் அவள் கடுகு. நாற்காலியில் உட்கார்ந்தால் அவளுக்குக் கால் தரையில் எட்டாது. வாயைத் திறந்தால் எதிரே இருப்பவருக்குக் கால் தரையில் நிற்காது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று யாரோ ஒரு மதியச் சாப்பாட்டு வேளையில் சொல்லப்போக, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அதற்காக அவள் கோபப்படவில்லை. கோபப்பட அவளுக்கு வேறு எத்தனையோ விஷயங்கள் இருந்தன.

ஆளில்லாத அறையில் சுற்றும் மின்விசிறி, வரிசையில் முந்துகிறவர்கள், பேசுகிறவரின் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற அதிகாரிகள். எல்லாவற்றுக்கும் மேலாக, 'பார்க்கலாம்' என்ற சொல். யாராவது அதைச் சொன்னால் போதும். "பார்க்கலாம்னா எப்ப பார்க்கலாம்? காலையிலயா, சாயங்காலமா?" என்று நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்வாள். பார்க்கலாம் என்பவன் பார்க்கப்போவதில்லை என்பது அவள் கட்சி. அதில் நானும் அவள் பக்கம்தான்.

சின்ன வயதிலும் அவள் இப்படித்தான். பள்ளியில் கணக்கு வாத்தியார் ஒருமுறை அவள் அப்பாவைக் கூப்பிட்டு, "இது தேறாது. வேற வழி பாருங்க" என்று சொல்லி அனுப்பினார். அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து அதையே திருப்பிச் சொன்னார். அப்போது மீசைகூடச் சரியாக முளைக்காத அண்ணன்தான் குறுக்கே விழுந்தவர். "வாத்தியார் சொன்னா ஆச்சா? அவரு என்ன அவ தலைக்குள்ள போய்ப் பாத்தாரா?" என்று கேட்டார். கேட்டதோடு விடவில்லை, அவளைக் கையைப் பிடித்து மறுபடி பள்ளியில் கொண்டுபோய் உட்கார வைத்தார். 'தேறாது' என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லத்தான் அவள் டாக்டர் பட்டம் வரை படித்தாள் என்று அவள் கணவர் கேலி செய்வார். கணவர் தையற்கடை வைத்திருப்பவர். "எங்க வீட்ல ஊசி நான் இல்லீங்க, அவதான்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வது அவர் வழக்கம்.

அண்ணன் படிப்பை விட்டுவிட்டு மரவள்ளி பயிரிடப் போனார். தங்கை மரவள்ளியை ஆராயப் போனாள். ஒருவர் மண்ணுக்கு மேலே நின்று பார்த்ததை இன்னொருவர் கண்ணாடித் தகட்டில் பார்த்தார்.

அவள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவள் கோபம் புரியாது. மரவள்ளிச் செடியின் அடியில் தொடக்கத்தில் எல்லா வேரும் ஒன்றுபோலத்தான் இருக்கும், நூல் நூலாக. பிறகு சில வேர்கள் மட்டும் மாவைச் சேர்த்துவைத்துக்கொண்டு பருக்க ஆரம்பிக்கும். மற்றவை தண்ணீரை உறிஞ்சிக் கொடுத்துக்கொண்டு கடைசிவரை மெலிசாகவே கிடக்கும். ஒரே செடி, ஒரே மண். ஒன்று ஏன் கிழங்காகிறது, இன்னொன்று ஏன் நாராகவே நின்றுவிடுகிறது? வேர் பருக்கும்போது அதற்குள் இருக்கும் புரதங்கள் மாறுகின்றன. சில கூடுகின்றன, சில குறைகின்றன. எது கூடுகிறது, எது குறைகிறது என்று தெரிந்தால் கேள்விக்குப் பாதி விடை கிடைத்தமாதிரி.

அதைத்தான் கடுகு தேடினாள். பருத்த வேரும் மெல்லிய வேரும் தனித்தனியாகப் பனிபோல் உறையவைத்து அரைக்கப்பட்டு, சின்னக் குப்பிகளில் வெள்ளைப் பொடியாக அவள் மேசைக்கு வரும். குப்பியின் மேல் 'தடி' என்றோ 'மெலிசு' என்றோ எழுதியிருக்கும். அந்தப் பொடியிலிருந்து புரதத்தைப் பிரித்து, கூழ்போன்ற ஜெல் பூசிய தகட்டில் ஓடவிட்டு, நீலச் சாயம் ஏற்றுவாள். தகடு முழுக்க நீலப் புள்ளிகள் எழும். ஒரு புள்ளி என்றால் ஒரு புரதம். தடியின் தகட்டையும் மெலிசின் தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இங்கே இருக்கிறது அங்கே ஏன் இல்லை என்று பார்ப்பது அவள் பிழைப்பு.

அப்படிப் பார்த்தபோது அகப்பட்டதுதான் ஏழாம் புள்ளி. மெல்லிய வேரின் தகட்டில் மை கொட்டியதுபோல் கருநீலமாக இருந்தது. பருத்த வேரின் தகட்டில் அது இருந்த இடமே தெரியவில்லை. மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அப்படியேதான் வந்தது. 'வேர் பருக்கும்போது இந்தப் புரதம் மறைவதுபோல் தெரிகிறது. காரணம் தெரியவில்லை' என்று எழுதித் தலைவரிடம் கொடுத்தாள்.

தலைவர் என்றால் அவள் பிரிவின் தலைவர். வெள்ளைச் சட்டைக்காரர். மண் என்றாலே அவருக்கு ஆகாது. ஆய்வுக்கூடத்துக்குள் மண் வாசனைகூட வரக்கூடாது என்பது அவர் சட்டம். மண்ணுக்கு அடியில் விளைவதை ஆராய்கிற இடத்தில் இப்படி ஒரு சட்டம்! வாசலில் மிதியடி, அதைத் தாண்டினால் இன்னொரு மிதியடி, அதையும் தாண்டினால் ஒரு முறைப்பு. அவர் கடுகு எழுதியதை வாங்கி முதலில் 'போல்' என்பதை எடுத்தார். பிறகு 'காரணம் தெரியவில்லை' என்பதை எடுத்தார். பிறகு தன் பெயரை முதலில் போட்டார். மிச்சம் நின்றது ஒரு மாபெரும் கண்டுபிடிப்பு: ஏழாம் புள்ளிப் புரதம்தான் வேரைப் பருக்கவிடாமல் தடுக்கிறது.

அதோடு நின்றிருந்தால் பாதகமில்லை. காகிதத்தில் எத்தனையோ தப்புகள் தூங்குகின்றன, யாரையும் கடிப்பதில்லை. தலைவர் அதைக் காகிதத்தில் தூங்கவிடவில்லை, வயலுக்கு அனுப்பினார். 'வேர்ச்சோதனை' என்று ஒன்று வந்தது. விவசாயிகள் தங்கள் இளம் செடியிலிருந்து வேர் எடுத்து அனுப்ப வேண்டும். அதன் சாற்றை ஒரு சோதனைத் தாளில் சொட்டினால், ஏழாம் புள்ளிப் புரதம் இருக்கும் அளவுக்கு நீலம் ஏறும். நீலம் லேசாக இருந்தால் பச்சை அட்டை, 'தேறும்'. அழுத்தமாக இருந்தால் சிவப்பு அட்டை, 'தேறாது'. தேறாத பகுதியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நிலையம் கொடுக்கும் குச்சிகளை நட வேண்டும்.

அட்டையில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் கடுகுக்கு உச்சந்தலை சுட்டது. நேரே போய் நின்றாள்.

"சார், 'தேறாது'ன்னு போடாதீங்க. 'சந்தேகம்'னு போடுங்க. நமக்கே இன்னும் முழுசா தெரியாது."

"சந்தேகம்னு போட்டா எவன் மதிப்பான்? விவசாயிக்குத் தெளிவா சொல்லணும்மா."

"தெரியாததைத் தெளிவா சொன்னா அதுக்குப் பேரு வேற சார்."

"பார்க்கலாம்" என்றார் தலைவர்.

அட்டை அச்சாகி வந்துவிட்டது. நிலையத்தில் அந்தச் சொல்லே பேச்சாகிவிட்டது. தேநீர் தண்ணீராக இருந்தால் தேறாது. அச்சு இயந்திரம் மக்கர் செய்தால் தேறாது. ஒருவர் தன் புது மாப்பிள்ளையைப் பற்றிக்கூட அப்படிச் சொல்லிச் சிரித்தார். கடுகு மட்டும் சிரிக்கவில்லை. யாரையும் எதையும் உள்ளே போய்ப் பார்க்காமல் தேறாது என்று சொல்ல ஒரு திமிர் வேண்டும் என்று நினைத்தாள்.

அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் வருத்தம் ஒன்றும் இல்லை. பரீட்சை முடிவு வந்ததைச் சொல்கிற குரல்.

"பாப்பா, நமக்கு வடக்குப் பக்கம் பூரா சிவப்பு வந்திருக்கு."

"அண்ணா, அவசரப்பட்டு எதுவும் பண்ணாத. நான் சார்கிட்ட கேட்டுட்டு சொல்றேன்."

"நீ எதுக்கும்மா கேக்கணும்? வந்தது வந்ததுதான்."

அவள் கேட்டாள். தலைவர் மறுபடியும் பார்க்கலாம் என்றார். அவளுக்கும் கையில் மறுப்பு ஒன்றும் இல்லை. தகட்டில் புள்ளி இருந்தது உண்மை, இல்லாமல் போனதும் உண்மை. அவள் கையாலேயே ஓட்டியது. ஏதோ ஒன்று முள்ளாக உறுத்தியதே தவிர, முள் எங்கே என்று தெரியவில்லை.

தெரிந்தது ஒரு விடுமுறை நாளில், அவள் வீட்டு அடுப்படியில். கணவர் சந்தையிலிருந்து மரவள்ளி வாங்கி வந்து, மணைக்கட்டை போட்டுத் தரையில் உட்கார்ந்து தோல் உரித்துக்கொண்டிருந்தார். தடித்த கிழங்கில் கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு விரலை உள்ளே நுழைத்தால் தோல் சட்டை கழற்றுவதுபோல் வந்துவிடும். தையற்காரர் கை, அதில் ஒரு நயம் இருந்தது. கிழங்குக்காரர் கொசுறாகப் போட்டிருந்த விரல் பருமனுக்கும் குறைந்த வேர்கள் ஓரமாகக் கிடந்தன.

"இதைச் சீவினா கிழங்கு மிஞ்சாது, என் விரல்தான் மிஞ்சும். அலசி அப்படியே போட்டுடறேன்" என்றார்.

"போடாதீங்க, தோலோட போட்டா கசக்..."

அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். உரித்த கிழங்குகள் ஒரு பாத்திரத்தில் வெள்ளை வெளேரென்று கிடந்தன. உரிக்காத மெல்லிய வேர்கள் இன்னொரு பாத்திரத்தில் பழுப்பாகக் கிடந்தன. தடி ஒரு பக்கம், மெலிசு ஒரு பக்கம். அவள் மேசைக்கு வரும் குப்பிகள் அவள் கண்முன் வந்து நின்றன. பொடியாகத்தான் வரும். பொடிக்குத் தோல் ஏது, சதை ஏது?

"என்ன ஆச்சு?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்லைங்க. நான் ஒரு முட்டாள்" என்றாள். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் வாயில் அவர் கேட்டிராத வாக்கியம் அது.

மறுநாள் காலையில் அவள் தன் மேசைக்குப் போகவில்லை. நிலையத்தின் பின்கட்டுக்குப் போனாள். அங்கே சிமெண்ட் தொட்டி ஓரத்தில்தான் வயலிலிருந்து வரும் வேர்களைக் கழுவுவார்கள். கழுவும் பெண்மணிக்குத் தொட்டியக்கா என்று பெயர். கடுகு இத்தனை காலத்தில் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அந்த எண்ணமே அவளைச் சுட்டது.

"அக்கா, தடி வேரைத் தோல் உரிச்சா உள்ள அனுப்புறீங்க?"

"பின்ன? தோலோட யாராவது கிழங்கு கொடுப்பாங்களா?"

"மெலிசை?"

"அதை எங்க உரிக்கிறது? நல்லா அலசி அனுப்புவேன்."

"உரிக்கச் சொன்னது யாரு?"

"பெரிய சார்தான். ஆரம்பத்துல தோலோட அனுப்பினேன். மண்ணு ஒட்டிக்கிட்டு மெஷினை அடைச்சிருச்சுன்னு ஒரே சத்தம். வீட்ல சமையலுக்கு எடுக்கிற மாதிரி சுத்தமா அனுப்புன்னாரு. ஏம்மா, தப்பா?"

"உங்க மேல தப்பில்லை அக்கா."

வேறு எந்தப் பயிராக இருந்தாலும் யாராவது கேட்டிருப்பார்கள். மரவள்ளி என்பதால் யாரும் கேட்கவில்லை. தோல் உரிப்பது ஒரு செயல் என்றே யாருக்கும் தோன்றவில்லை. கிழங்கைக் கையில் எடுத்தால் உரிப்பார்கள், மூச்சு விடுவதுபோல. அதை யார் எழுதிவைப்பார்கள்? தலைவரின் கட்டுரையிலும் 'வேர்கள் நன்கு தூய்மை செய்யப்பட்டன' என்ற ஒரு வரிதான் இருந்தது.

கடுகு மண்ணோடு ஒரு தடித்த வேரையும் ஒரு மெல்லிய வேரையும் கையிலேயே எடுத்துக்கொண்டு இரண்டு மிதியடிகளையும் தாண்டி உள்ளே போனாள். தடித்ததில் தோலைத் தனியாக அரைத்தாள், சதையைத் தனியாக அரைத்தாள். மெல்லியதை உருப்பெருக்கிக்குக் கீழே வைத்து, சவர பிளேடால் மயிரிழை மயிரிழையாகத் தோலைச் சுரண்டி எடுத்து, அதையும் உள்ளிருந்த சதையையும் தனித்தனியாக அரைத்தாள். ஓட்டினாள். சாயம் ஏற்றினாள்.

தடியின் தோலில் ஏழாம் புள்ளி இருந்தது. மெலிசின் தோலில் ஏழாம் புள்ளி இருந்தது. சதையில், இரண்டிலும், இல்லை. இத்தனை நாளும் அந்தப் புள்ளி கிழங்கு பருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் தோல், நான் தோல் என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தது. வேர் எவ்வளவு மெலிசோ, அதில் அவ்வளவுக்குத் தோல் பங்கு அதிகம், அவ்வளவுக்கு நீலம் அதிகம். கொஞ்சம் தடித்த வேரைப் பிடுங்கி அனுப்பியவனுக்குப் பச்சை அட்டை. இளசாகப் பார்த்து எடுத்து அனுப்பியவனுக்குச் சிவப்பு. இதற்குப் பெயர் சோதனையாம்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, கால் கட்டைவிரலிலிருந்து.

தலைவர் தகடுகளைப் பார்த்தார். ஒன்றும் புரியாத ஆள் அல்ல அவர். பார்த்த உடனே புரிந்துவிட்டது என்பது காது சிவந்ததில் தெரிந்தது. புரிந்த பிறகு அவர் செய்ததுதான் இந்தக் கதையிலேயே எனக்குப் பொறுக்காதது. தகடுகளைக் கவிழ்த்து வைத்தார்.

"அடுத்த வாரம் வேர்ச்சோதனை விழா. வெளியிலேர்ந்து பெரியவங்க வர்றாங்க. அது முடியட்டும், பார்க்கலாம்."

"அதுக்குள்ள ஜனங்க செடியைப் பிடுங்கிடுவாங்க சார். இன்னிக்கே கடிதம் போகணும்."

"என்னன்னு எழுதச் சொல்ற? கிழங்குக்குத் தோல் இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதுன்னா?"

"ஆமா சார். அதைத்தான் எழுதணும்."

அவர் எழுந்து சன்னல்வரை போனார். திரும்பியபோது முகம் தெளிந்திருந்தது. பலி கிடைத்துவிட்ட தெளிவு.

"தொட்டியில நிக்கற பொம்பளை பண்ணின வேலை இது. அவளை வேலையை விட்டு எடுத்துட்டு, மாதிரி கெட்டுப்போச்சுன்னு ஒரு வரி போட்டுக்கலாம்."

"எய்தவன் இருக்க அம்பை நோகாதீங்க சார். உரிக்கச் சொன்னது நீங்க. பொடியை வாங்கிக்கிட்டு வாயை மூடிட்டு ஓட்டினது நான். நடுவுல அவங்க எங்க வந்தாங்க?"

"குரலை உசத்தாத."

"இன்னும் உசத்தவே இல்லை சார். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம்னு பாக்கறீங்க. சோறு நம்ம சோறா இருந்தாலாவது பரவாயில்லை. இது விவசாயிங்க சோறு."

கதவை அவள் அறைந்து சாத்தவில்லை. திறந்தே போட்டுவிட்டு, கூடத்தில் இருந்த பொதுத் தொலைபேசிக்குப் போனாள். வேர் அனுப்பிய விவசாயிகளின் எண்கள் எல்லாம் அவளிடம் இருந்தன. முதலில் அண்ணனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வயலில் இருப்பார் என்று மற்றவர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள். கூடத்தில் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று கேட்கும்படிதான் பேசினாள். "சிவப்பு அட்டை தப்பு. எங்க தப்பு. செடியைத் தொடாதீங்க."

முதல் ஆள் சிரித்தார். "நான் எங்கம்மா பிடுங்கினேன்? அந்த அட்டையைக் கோழிக்கூண்டு ஓட்டையில வெச்சு அடைச்சிருக்கேன். நல்ல கெட்டி அட்டை."

இன்னொருவர், "ஆபீஸ்காரங்க பேச்சைக் கேட்டிருந்தா இந்நேரம் நான் கோவணத்தோட நின்னிருப்பேன்" என்றார்.

ஓர் அம்மாள், "பார்க்கலாம்னு விட்டுட்டேன் கண்ணு. இப்ப என்ன அவசரம்?" என்றார்.

பார்க்கலாம் என்ற அந்தச் சொல்லுக்குக் கடுகு வாழ்க்கையில் முதல்முறையாக மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். சோம்பேறிகள் பிழைத்தார்கள். சந்தேகப்பட்டவர்கள் பிழைத்தார்கள். அட்டையைப் படிக்காதவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள். இனி கூப்பிட ஒரே ஓர் எண்தான் பாக்கி. மறுபடி கூப்பிட்டாள்; மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை.

அவள் பேருந்து ஏறினாள். வழியெல்லாம் ஓட்டுநர் மெதுவாகப் போகிறார் என்று அவர்மேல் கோபம், நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள்மேல் கோபம். இறங்கி வரப்பில் ஓடும்போதே தெரிந்துவிட்டது. தெற்குப் பக்கம் மரவள்ளி இலைகள் விரல் விரித்து அசைந்துகொண்டிருந்தன. வடக்குப் பக்கம் வெறும் மண். கிளறிய, ஈரம் காயாத மண்.

அண்ணன் வரப்போரம் ஒரு குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பிடுங்கிய செடிகளை ஒழுங்காக, தலை ஒரு பக்கம் வேர் ஒரு பக்கமாக அடுக்கியிருந்தார். எதையும் ஒழுங்காகச் செய்வார். வேர் அனுப்பும்போதுகூட 'இளவேர்' என்று போட்டிருந்த சொல்லுக்கு மரியாதை கொடுத்து, முதலில் வடக்குப் பக்கத்திலிருந்து மட்டும், இருப்பதிலேயே இளசாக, நூலாகப் பார்த்து எடுத்து அனுப்பியவர் அவர்தான்.

"வா பாப்பா. நேத்துதான் முடிஞ்சுது. நாமதான் முதல் ஆள் போல" என்றார்.

கடுகு குவியலைப் பார்த்தாள். ஒவ்வொரு செடியின் அடியிலும் வேர்கள் கொத்தாகத் தொங்கின. முழுதாக விளைய இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் ஒவ்வொன்றும் மணிக்கட்டுப் பருமன் வந்திருந்தது. தேறாத கிழங்குகள். வருஷத்துக்கே நல்ல விளைச்சலாக வந்திருக்க வேண்டிய கிழங்குகள்.

"அண்ணா, இது பருத்திருக்கு."

"ஆமா. நல்லாத்தான் பருத்திருக்கு."

"முதல் செடியைப் பிடுங்கினப்பவே தெரிஞ்சிருக்குமே. கண்ணால பாத்தியே. அப்புறமும் ஏன் பிடுங்கின?"

அவர் கையிலிருந்த மண்ணைத் தேய்த்து உதிர்த்தார். "பாத்தேன். கண்ணால காண்பதும் பொய்னு சொல்லுவாங்கல்ல, அப்படி எதாச்சும் இருக்கும்னு நெனச்சேன். வெளியில பருத்தா மாதிரி தெரிஞ்சாலும் உள்ள ஏதோ கோளாறு இருக்கும், அது உங்க மெஷினுக்குத்தான் தெரியும்னு."

"தீர விசாரிப்பதே மெய்னும் அதுலதானே இருக்கு அண்ணா. அதை யாருமே முழுசா சொல்ல மாட்டீங்களா? நான் கேட்டுட்டு சொல்றேன்னேனே."

"அதுக்காகத்தான் சீக்கிரமா பிடுங்கினேன். நீ போய் கேட்டா, சொந்த அண்ணனுக்குச் சலுகை கேக்கறான்னு உன்னைப் பேசுவாங்க. எதுக்கு உனக்குச் சங்கடம்?"

அவள் கத்தினாள். வயலே கேட்கும்படி கத்தினாள். தோலைப் பற்றி, தொட்டியைப் பற்றி, வெள்ளைச் சட்டையைப் பற்றி, ஒரு தடவைகூடப் பின்கட்டுக்குப் போகாத தன்னைப் பற்றி, எல்லாவற்றையும் கொட்டினாள். அண்ணன் குறுக்கே பேசாமல் கேட்டார். தப்பு என்று தெரிந்ததும் அவர் முகம் ஒரு நொடி சுருங்கியது. அவ்வளவுதான். அந்த அடக்கம் அவளை இன்னும் கொதிக்கவைத்தது.

"அன்னிக்கு என்னைத் தேறாதுன்னு சொன்னப்ப, வாத்தியார் சொன்னா ஆச்சான்னு கேட்டியே. உள்ள போய்ப் பாத்தாரான்னு கேட்டியே. இன்னிக்கு ஏன் கேக்கலை?"

அண்ணன் அவளைப் பார்த்தார். கேள்வியே விளங்காதவர்போல் பார்த்தார்.

"அன்னிக்கு சொன்னது வாத்தியார். இன்னிக்கு சொன்னது நீயாச்சே."

கடுகு குவியல் ஓரத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, அண்ணனிடம் ஒரு சாக்கை வாங்கி, வேர்க் கொத்துகளை மண்ணோடு, சிவப்பு அட்டைகளோடு அதில் திணிக்க ஆரம்பித்தாள். அண்ணன் சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் அந்தச் சாக்கை நிலையத்தின் முன்வாசல் வழியாக இழுத்துக்கொண்டு வந்தாள். முதல் மிதியடி, இரண்டாவது மிதியடி, பளபளக்கும் தரை, எல்லாவற்றிலும் மண் கோடு. தலைவர் விழா அழைப்பிதழ்களைப் பரப்பிவைத்திருந்த மேசையின் மேல் சாக்கைத் தூக்கிக் கவிழ்த்தாள். கிழங்குகள் உருண்டன. ஒரு மண்கட்டி அழைப்பிதழின் மேல் விழுந்து உடைந்தது. சிவப்பு அட்டை ஒன்று அவர் கைக்கு நேராகப் போய் நின்றது. கதவோரம் ஆட்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் தொட்டியக்காவும் ஈரக் கையோடு வந்து நின்றார்.

"என்ன இது?" தலைவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "இதைக் கழுவிட்டுக் கொண்டுவந்திருக்கக் கூடாதா?"

"கழுவித் தோலை உரிச்சதுனாலதான் சார் இவ்வளவும்" என்றாள் கடுகு. "இப்படியே பாருங்க."

அவர் பார்த்தார். கதவோரம் நின்ற எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவள் எதிரே உட்கார்ந்து, கால் தரையில் எட்டாமலேயே, ஒரு தாளை எடுத்துக் கடிதத்தை எழுத ஆரம்பித்தாள். தோல் என்ற சொல்லை முதல் வரியிலேயே போட்டாள். உரிக்கச் சொன்னது யார் என்பதை இரண்டாவது வரியில் போட்டாள். எழுதி முடித்து, முதல் கையெழுத்தைத் தானே போட்டு, இரண்டாவதற்கு இடம் விட்டு அவர் பக்கம் நகர்த்தினாள்.

பேனாவை எடுக்க அவர் ஒரு கிழங்கை நகர்த்த வேண்டியிருந்தது. வெள்ளைச் சட்டையின் கை ஓரத்தில் மண் ஒட்டியது.